மரவளையங்களும் மழைக் கணக்கும்

மழையை நம்பிப் பயிரிடுவோருக்கு மழைக் கணக்கினும் முக்கியமான கணக்கு வேறொன்றில்லை. வரவு செலவில் நேர்ந்த பிழையை அடுத்த மகசூலில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மழைக் கணக்கில் நேர்ந்த பிழையோ வெட்டிய கிணற்றையும், நட்ட கரும்பையும், வாங்கிய கடனையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். இத்தகைய கணக்கை விவசாயிகளில் பெரும்பாலோர் தங்கள் நினைவிலிருந்தும், தந்தை பாட்டனார் வாய்மொழியிலிருந்துமே எடுத்துக்கொள்கின்றனர். முப்பது நாற்பது வருஷ நினைவைக் கொண்டு நூறு வருஷத்துக்கு நிற்கவேண்டிய ஏரியையும் கிணற்றையும் திட்டமிடுவது, ஒரு வாரச் சந்தை விலையைக் கண்டு ஒரு தலைமுறைக்குக் குத்தகை பேசுவதை ஒக்கும். இதனினும் நீண்ட கணக்கு ஒன்று உண்டு. அது மரங்களின் வயிரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சிச் சீமையிலும் கல்வராயன் மலையிலும் அக்கணக்கைத் தேடி எடுப்பதற்கான ஏற்பாடுகளை இப்பொழுதே தொடங்கவேண்டும். தாமதித்தால் கணக்கேடே விறகாகிப்போகும்.

எழுத்திலுள்ள கணக்கு எவ்வளவு பழமையானது?

சென்னை நகரில் மழையளவு 1813ஆம் வருஷம் முதல் குறிக்கப்பட்டு வருகிறது. இந்திய வானிலை இலாகா 1875ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு அடுத்த வருஷமே, 1876இல், தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. அவ்வருஷம் சென்னை மாகாணத்தில் இரண்டு பருவ மழைகளும் பொய்த்தன. 1877இல் தென்மேற்குப் பருவம் மறுபடியும் தவறிற்று. 1878 முடிவதற்குள் இந்தியா முழுவதிலும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். கல்வராயன் மலையை அடுத்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1871ஆம் வருஷக் கணக்கைக் காட்டிலும் 1881ஆம் வருஷக் கணக்கில் குறைந்தே காணப்பட்டது. இத்தகைய பஞ்சம் எத்தனை வருஷங்களுக்கு ஒருமுறை வரத்தக்கது என்று கேட்டால், மழைமானிக் கணக்கினால் விடை கூற இயலாது. அக்கணக்கு தொடங்கும் வாயிலிலேயே அப்பஞ்சம் நிற்கிறது. அதற்கு முந்திய பக்கங்கள் அதில் மிகச் சிலவே.

வாய்மொழிக் கணக்கில் வேறொரு சங்கடம் உண்டு. தமிழ் வருஷப் பெயர்கள் 60 வருஷங்களுக்கு ஒருமுறை சுற்றி வருவன. "தாது வருஷத்தில் ஏரி வறண்டது" என்று ஒரு குடும்பத்தில் வழங்கினால், அது 1876ஆம் வருஷத்துத் தாதுவா, 1816ஆம் வருஷத்துத் தாதுவா, 1756ஆம் வருஷத்துத் தாதுவா என்று பெயரைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. பஞ்சமும் அவ்வாறே 60 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் என்று சிலர் நம்புவதுண்டு. 1936இலும் 1996இலும் தாது வருஷம் வந்தது. பழைய தாதுவின் கொடும்பஞ்சம் வரவில்லை. பெயர் திரும்பி வருவதனால் வானிலையும் திரும்பி வரவேண்டும் என்னும் நியாயம் இல்லை.

மரம் கணக்கு எழுதும் விதம்

கோடையில் இலையுதிர்த்து, மழை கண்டதும் துளிர்க்கும் மரங்கள் வருஷத்துக்கு ஒரு வளையம் வீதம் பருக்கின்றன. தேக்கில் இது தெளிவாகத் தெரியும். துளிர்விடும் காலத்தில் உண்டாகும் மரத்தில் பெரிய துளைகள் வரிசையாக அமைகின்றன. பின்னர் உண்டாவது நெருக்கமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதன்பின் மரம் உறங்கும். மறு வருஷம் மீண்டும் துளை வரிசை தொடங்குவதால் இரண்டு வருஷங்களுக்கும் இடையே எல்லைக்கல் நட்டாற்போல ஒரு கோடு தோன்றும். ஈரம் போதிய வருஷத்தில் வளையம் அகலமாகவும், வறண்ட வருஷத்தில் குறுகியும் இருக்கும். மா, புளி, வேம்பு முதலியவற்றில் இவ்வளவு தெளிவான எல்லை காணப்படுவதில்லை. ஆதலால் எல்லா மரமும் இவ்வேலைக்கு உதவாது.

எல்லாத் தேக்கும் உதவும் என்பதும் இல்லை. வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் மரம் பஞ்சத்தை அறியாது. அதன் வேர் எக்காலமும் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வளையங்கள் ஒரே சீராக இருக்கும். மேட்டிலும் சரிவிலும், ஆழமற்ற மண்ணில், வானத்தையே நம்பி நிற்கும் மரமே மழையை உள்ளபடி எழுதும். மானாவாரி நிலத்துக்கும் நஞ்சைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த விவசாயிக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

ஒரே மரத்தின் சாட்சியத்தையும் நம்பிவிடக்கூடாது. கம்பளிப்பூச்சி இலையைத் தின்றிருக்கலாம், காட்டுத்தீ பட்டிருக்கலாம், பக்கத்து மரம் விழுந்து வெளிச்சம் கூடியிருக்கலாம். கடும் வறட்சியில் வளையமே உண்டாகாமல் விட்டுப்போவதும், இடையில் வறண்டு மறுபடி மழை பெய்த வருஷத்தில் போலி வளையம் ஒன்று தோன்றுவதும் உண்டு. ஆகவே பல மரங்களிலிருந்து பென்சில் பருமனுக்கு மெல்லிய குச்சியாகத் துளைத்தெடுத்து, இழைத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரையில் அளக்கின்றனர். ஒரு மரத்தின் குறுகிய வளையங்களும் அகன்ற வளையங்களும் அமைந்துள்ள வரிசையை மற்ற மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய வருஷத்தை நிச்சயிக்கின்றனர். இளமரம் வேகமாகப் பருத்து முதுமரம் மெல்லப் பருப்பதால் உண்டாகும் வேறுபாட்டையும் கழித்துவிடுகின்றனர். எஞ்சி நிற்பதை மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு பாதிக் காலத்தில் கண்ட பொருத்தம் மறு பாதியிலும் நிற்கிறதா என்று சோதிக்கின்றனர். சோதனையில் தேறிய பின்னரே, மழைமானி இல்லாத காலத்துக்கு மரத்தின் சொல்லை ஏற்கின்றனர்.

இச்சாஸ்திரத்தை முறைப்படுத்தியவர் அமெரிக்காவில் அரிஸோனாப் பிரதேசத்து வானசாஸ்திரி ஏ. இ. டக்ளஸ். 1929ஆம் வருஷத்தில் அவர் பழங்குடிகளின் பாழடைந்த வீடுகளிலிருந்த உத்தரக் கட்டைகளைக் கொண்டே அவ்வீடுகள் கட்டப்பட்ட வருஷங்களை நிர்ணயித்தார். ஜாவாவில் பெர்லாகே என்பவர் 1514 முதல் 1929 வரையிலான தேக்கு வளையங்களை வரிசைப்படுத்தி 1931இல் வெளியிட்டார். உஷ்ணதேசத்து மரமும் கணக்கு எழுதும் என்பதற்கு அது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று.

கேரளத் தேக்கு கூறுவது

தென்னிந்தியாவில் இத்துறையில் நடந்த பெரிய வேலை கேரளத் தேக்கைப் பற்றியது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த போர்காவ்ன்கரும் அவருடன் உழைத்தோரும், கேரளத்தில் மூன்று இடங்களில் உள்ள தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 வருஷங்களுக்கான வளைய வரிசையை அமைத்து 2010ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். இந்தியாவின் தென்மேற்குப் பருவ மழை குறைந்த வருஷங்களில் அத்தேக்குகளின் வளர்ச்சியும் குன்றியிருப்பதை அவர்கள் கண்டனர். பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ வருஷங்களோடு இக்குறைவு சேர்ந்து வருவதும் புலப்பட்டது.

அதே 2010ஆம் வருஷத்தில் எட்வர்ட் குக் என்பவரும் அவரது கூட்டத்தாரும், ஆசியாவின் பல பாகங்களிலிருந்து 327 மரவளைய வரிசைகளைத் திரட்டி, சுமார் 700 வருஷத்து வறட்சிகளைப் படமாக வரைந்து வெளியிட்டனர். தாது வருஷப் பஞ்சத்தோடு ஒட்டிய 1876–1878ஆம் வருஷ வறட்சி அதில் தெளிவாகக் காணப்படுகிறது. அதற்கு முன் 1790 முதல் 1796 வரையிலும், அதற்கும் முன் 1756 முதல் 1768 வரையிலும் பெரும் வறட்சிகள் ஆசியாவின் பரந்த பகுதிகளை வாட்டியதும் விளங்குகிறது. வருஷங்களின் தொடர்ச்சியே இங்குக் கவனிக்கத்தக்கது. மழைமானியின் காலத்தில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று வறட்சியைக் கண்டு பழகியவர்களுக்கு, ஆறு வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று வறட்சி நீடித்து நிற்கவும் கூடும் என்னும் செய்தி புதியது. ஒரு வருஷத்து வறட்சியைக் கையிருப்பால் கடக்கலாம். இரண்டாம் வருஷத்தைக் கடனால் கடக்கலாம். மூன்றாம் வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை அநேகர் எண்ணிப்பார்ப்பதில்லை.

கள்ளக்குறிச்சிக்கு அது பொருந்துமா?

கேரளத்து மரம் முதலில் கேரளத்துக்கே சாட்சி. அதன் சொல்லை அப்படியே எடுத்துக் கள்ளக்குறிச்சிக்கு ஒட்டவைப்பது பிழையாகும். கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறுவன. கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையிலிருந்து இறங்கி, முடிவில் வெள்ளாற்றோடு சேர்கின்றன. ஆடிப்பட்டத்துக்கு ஒரு மழையும், ஏரி நிரம்ப மற்றொரு மழையும் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே பெய்யும் என்றும், சேர்ந்தே தவறும் என்றும் சொல்வதற்கில்லை. எல் நினோ தென்மேற்குப் பருவத்தைக் குறைக்கும் போக்குடையது. வடகிழக்குப் பருவத்தையோ பெரும்பாலும் மிகுவிக்கும் போக்குடையது. 2015ஆம் வருஷம் எல் நினோ வருஷம். அவ்வருஷத்து ஐப்பசி கார்த்திகையில் சென்னையிலும் கடலூரிலும் பெருவெள்ளம் புகுந்தது. அடுத்த 2016ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்தது வழக்கமான அளவினும் 62 விழுக்காடு குறைவு. 2017ஆம் வருஷம் ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே பன்னிரண்டு மாதமே நின்றது.

ஆகவே இந்த ஜில்லாவுக்கு வேண்டியது இந்த ஜில்லாவின் மரமே. இரு பருவ மழையையும் உண்டு வளர்ந்த மரத்தில் இரண்டின் சுவடும் ஒரே வளையத்தில் படிந்திருக்கும். அவற்றைப் பிரித்து அறிவதும் முடியாத காரியமல்ல. அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தார், தேக்கின் ஒரே வளையத்தைப் பல மெல்லிய பகுதிகளாகச் சீவி, ஒவ்வொன்றிலும் உள்ள ஆக்ஸிஜனின் வகைகளை அளந்து, ஒரு வருஷத்துக்குள்ளே நேர்ந்த மழை மாறுதலையும் ஆராய்ந்திருக்கின்றனர். கல்வராயன் மலையின் சரிவுகளில் நிற்கும் முதிய இலையுதிர் மரங்களை இம்முறைகளால் ஆராய்வது, கேரளத்துக் கணக்கு காட்டாத ஒரு பக்கத்தைக் காட்டக்கூடும்.

நல்ல மழைக் காலத்தின் அபாயம்

மரவளையம் வறட்சியை மட்டும் காட்டுவதில்லை. தொடர்ந்து மழை மிகுந்த காலங்களையும் காட்டும். ஒருவிதத்தில் இதுவே பெரிய எச்சரிக்கை. 1922ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏழு ராஜ்யங்கள் கொலராடோ நதி நீரைப் பங்கிட உடன்பாடு செய்துகொண்டன. அதற்கு முந்திய குறுகிய காலத்து நீரளவையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் தலைக்கு 75 லட்சம் ஏக்கர் அடியாக, வருஷத்துக்கு 150 லட்சம் ஏக்கர் அடி பங்கிடப்பட்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. 1976ஆம் வருஷத்தில் ஸ்டாக்டன், ஜேக்கபி என்னும் இருவர் அந்நதிப் பிரதேசத்து மரவளையங்களை ஆராய்ந்தபொழுது, நீண்டகாலச் சராசரி சுமார் 135 லட்சம் ஏக்கர் அடியே என்றும், பங்கீடு செய்த காலம் பல நூற்றாண்டுகளில் காணாத நீர்ப்பெருக்குக் காலம் என்றும் வெளியாயிற்று. இல்லாத நீரைப் பங்கிட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள். அதன் வழக்கு இன்னும் ஓயவில்லை.

கள்ளக்குறிச்சியில் இதே தவறு சிறிய அளவில் கிராமந்தோறும் நடக்கக்கூடியது. நாலைந்து வருஷம் ஏரி கலங்கல் வழிந்தால், மேட்டு நிலமும் நஞ்சையாகிறது; பத்துப் பன்னிரண்டு மாதம் நீர் கேட்கும் கரும்பு, சாமையும் மணிலாவும் விளைந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மழை வழக்க நிலைக்குத் திரும்பியதும் அதை "வறட்சி" என்கின்றனர். உண்மையில் வந்தது வறட்சியன்று, போனது மிகுமழை. அதன்பின் கிணற்றுக்குள் துளை, அதற்குமேல் ஆழத்துளை என்று செலவு இறங்கிக்கொண்டே போகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் கரும்பு இந்த ஜில்லாவுக்கு இன்றியமையாததே. அதை வேண்டாமென்று எவரும் கூறமாட்டார். எத்தனை ஏக்கர் என்பதை மிகுமழை வருஷத்தைக்கொண்டு நிர்ணயிக்கலாகாது என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

ஆட்சேபங்கள்

"நடந்த வறட்சியை அறிந்தால் மழை பெய்துவிடுமா?" என்று சிலர் கேட்பர். பெய்யாது. மரவளையம் ஜோதிடமும் அன்று. அடுத்த வருஷம் எப்படி என்று அது சொல்லாது. எவ்வளவு மோசமாகக்கூடும், எவ்வளவு நாள் நீடிக்கக்கூடும் என்பதை மட்டும் சொல்லும். மதகின் உயரத்தையும், விதையிருப்பின் அளவையும், கடனின் தவணையையும் தீர்மானிக்க அதுவே போதும்.

பூமியின் சூடு ஏறிவரும் இக்காலத்தில் பழைய கணக்கு பயன்படுமா என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான கேள்வி. இனி வரும் காலம் சென்ற காலத்தைப் போலவே இருக்கும் என்று ஒருவரும் உறுதி கூற இயலாது. ஆனால் சூடு ஏறாத காலத்திலேயே பன்னிரண்டு வருஷ வறட்சி நேர்ந்ததென்றால், சூடு ஏறிய காலத்தில் அதனினும் குறைவாகத் தயாராயிருக்கலாம் என்று எவ்வாறு முடிவு செய்வது? பழைய கணக்கு மேல் எல்லையைக் காட்டுவதன்று; குறைந்தபட்சம் எதற்குத் தயாராயிருக்கவேண்டும் என்பதைக் காட்டுவது.

மூன்றாவது ஆட்சேபம், இது சர்க்கார் ஆராய்ச்சியாளர் வேலை. கிராமத்தாருக்கு என்ன பங்கு என்பது. அளப்பது அவர்கள் வேலைதான். அளக்கவேண்டிய கட்டையும், ஒப்பிடவேண்டிய மழைக் கணக்கும் கிராமத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காப்பவர் இல்லாவிடில் ஆராய்ச்சியாளர் வந்து பயனில்லை.

செய்யத்தக்கவை

சட்டப்படி அனுமதி பெற்றோ, காற்றில் விழுந்தோ ஒரு முதிய தேக்கு கீழே வரும்பொழுது, இடுப்புயரப் பகுதியில் நாலு விரற்கடை கனத்துக்கு ஒரு முழு வட்டை அறுத்து எடுத்து வைப்பது நல்லது. அதை நிழலில் உலர்த்தி, கறையான் அணுகாமல் காக்கவேண்டும். வர்ணமோ எண்ணெயோ பூசலாகாது. மரம் நின்ற சர்வே எண், விழுந்த அல்லது வெட்டிய தேதி, நிலம் மேடா சரிவா பள்ளமா, கிணறும் வாய்க்காலும் எவ்வளவு தூரம் என்பவற்றை எழுதி அதனுடன் கட்டிவைக்கவேண்டும். குறிப்பில்லாத கட்டை தேதியில்லாத பத்திரத்தைப் போன்றது.

பழைய வீடுகளை இடிக்கும்பொழுது உத்தரங்களையும் தூண்களையும் விற்குமுன் ஒரு துண்டு எடுத்து வைக்கலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தச்சர் வெளிப்புறத்து வெள்ளை மரத்தைச் சீவி எறிந்து வயிரத்தை மட்டும் கொள்வது வழக்கமாதலால், கடைசி வளையங்கள் போயிருக்கும். மேலும், வசதியுள்ள வீடுகளில் பர்மாத் தேக்கு இருக்கக்கூடும். அது பர்மாவின் மழையைக் கூறுமேயன்றிக் கல்வராயன் மழையைக் கூறாது. மரம் எங்கிருந்து வந்ததென்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவைப்பது ஆராய்ச்சியில் பாதி.

மலைமீது மலையாளிகள் காத்துவரும் கோயில் மரங்களை அவர்கள் சம்மதமின்றித் தொடலாகாது. துளைக்கருவியால் எடுக்கும் மாதிரி மரத்தைக் கொல்லாது என்பது உண்மையே. ஆயினும் சம்மதம் வேறு, சேதமின்மை வேறு. அம்மக்களின் முதியோர் நினைவில் உள்ள பஞ்ச காலச் செய்திகளும், அக்காலத்தில் உண்ட கிழங்கு கீரைகளும் எழுதி வைக்கத்தக்கவை.

கிராம நிர்வாக அலுவலர்களின் பங்கு இதனினும் பெரிது. மரத்தின் கணக்கு மழைமானியின் கணக்கோடு ஒத்துப்பார்க்கப்பட்டாலன்றி நிலைபெறாது. பழைய அடங்கல்களிலும் ஜமாபந்திக் கணக்குகளிலும் எந்தப் பசலியில் ஏரிப் பாசனம் தவறி வஜா கொடுக்கப்பட்டது என்பது காணப்படும். தாது வருஷம் பசலி 1286. அத்தகைய ஏடுகள் செல்லரித்துப் போகாமல் எடுத்துத் தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துப் பிரதி செய்விக்கவேண்டும். இனிமேலும் ஒவ்வோர் ஏரியும் நிரம்பிய தேதி, கலங்கல் வழிந்த நாள், வறண்ட நாள் ஆகிய மூன்றையும் வருஷந்தோறும் குறித்து வருவது அரை மணி நேர வேலை. நூறு வருஷத்துக்குப் பயன் தருவது.

வன இலாகாவும் வேளாண்மை இலாகாவும் சேர்ந்து, கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற நிலையங்களின் துணையோடு, கிராமங்களில் சேரும் கட்டைகளைப் பெற்றுப் பாதுகாக்க ஓர் இடம் ஏற்படுத்துவது உசிதம். 2019ஆம் வருஷத்தில் தனி ஜில்லாவாகிய கள்ளக்குறிச்சிக்குத் தன் நீர்க்கணக்கைத் தொடக்கத்திலிருந்தே செவ்வையாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

கணக்கு கைக்கு வரும் வரையில் விவசாயிகள் காத்திருக்கவேண்டியதில்லை. இதுவரை படிக்கப்பட்ட மரங்கள் கூறிய மட்டிலேயே ஒரு விதி தெளிவாகிறது: வறட்சி தனித்து வராமல் தொடர்ந்தும் வரும். ஆதலால் சாமை, தினை, வரகு முதலியவற்றின் விதையை ஒரு போகத்துக்கு மேல் கையிருப்பில் வைத்தலும், நிலத்தில் ஒரு பங்கை எந்நாளும் குறைந்த நீர்ப்பயிருக்கே ஒதுக்குதலும், நல்ல மழை வருஷத்து லாபத்தில் ஒரு பகுதியை ஏரி வரத்துக்கால் வெட்டவும் மண் எடுக்கவும் செலவிடுதலும் விவேகமாகும். பாட்டனார் கண்ட பஞ்சத்தைப் பேரனார் மறப்பது இயல்பு. மரம் மறப்பதில்லை, அதை அடுப்பிலிடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது நிலமுடையோர் கடமை.